விதைத்தவன் விலை சொல்லட்டும்!

(கும்மிடிப்பூண்டிப் பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரை)

களத்துமேட்டிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! ஆலைப் பணி முடித்து வந்திருக்கும் அருமைத் தோழர்களே!

நாடகம் எழுதுகிறவன் நான். இந்த வட்டாரத்தைக் காணும்போதெல்லாம், ஒரே மேடையில் இரு காட்சிகள் அமைந்திருப்பது போலத் தோன்றுகிறது. ஒரு புறம் ஆலைப் புகைபோக்கிகள். அங்கே இரும்பு உருகுகிறது. மறுபுறம் ஆரணியாற்று வயல்கள். அங்கே உழவன் உள்ளம் உருகுகிறது. மழை பொய்த்து உருகினால் வானத்தின்மீது பழி போடலாம். விளைந்த பிறகும் உருகுகிறானே, யார்மீது பழி போடுவது?

சென்னை மாநகர் இங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கோடி வயிறுகள் காத்திருக்கும் சந்தை, கூப்பிடு தூரத்தில்! கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம், 500 மில்லியன் கனஅடி நீரைத் தலைநகருக்கெனத் தேக்குகிறது. 1944இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கமும் நம் மாவட்டத்ததே. தலைநகரின் தாகம் தீர்ப்பவர்கள் நாம். பசி தீர்ப்பவர்களிலும் நாம் உண்டு. ஆயின், கத்தரியும் கீரையும் மல்லிகையும் ஏற்றிச் சென்றவன் மாலையில் வீடு திரும்பும்போது, மடியில் என்ன கொண்டு வருகிறான்? வண்டிக் கூலி போக, தரகு போக, கழிவு போக, மிச்சமிருப்பது பெருமூச்சு!

ஏன் இந்த நிலை? "உழவனுக்கு அறிவு போதாது" என்பர் சிலர். மறுக்கிறேன். பணிவுடன், ஆனால் உறுதியுடன் மறுக்கிறேன்!

திருவள்ளூருக்கு அருகே திரூர். அங்கே 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடைபெறுகிறது. அந்நிலையம் ஈன்ற நெல், டி.கே.எம். 6. திரூர்க்குப்பம் என்ற சிற்றூரின் பெயரைத்தான் அந்த மூன்று எழுத்துகள் சுமக்கின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், குருத்துப் பூச்சியைத் தாங்கும் வலிமை எங்கே கிடைக்கும் என்று தேடியபோது, இந்த நெல்லைத்தான் எடுத்தது. அதனோடு கலந்து உருவாக்கியது, 1969இல் வெளிவந்த ஐ.ஆர். 20. தமிழகமெங்கும் உழவர் விரும்பிப் பயிரிட்ட அந்த நெல்லின் தாய்வீடு எது? நம் திருவள்ளூர் மண்! உலகுக்கு வித்துக் கொடுத்த மண்ணில் பிறந்தவனையா அறிவற்றவன் என்பது?

கற்றுக் கொடுத்தால் கற்றுக் கொள்பவன் நம் உழவன். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையைச் சொல்லிற்று. எழுத்தறியா உழவரும் காது கொடுத்துக் கேட்டனர், கேட்டதைச் செய்தனர், விளைச்சலைக் கண்டனர். பிறகு அந்த நெல்லுக்கு அவர்களே இட்ட பெயர் என்ன தெரியுமா? "ரேடியோ நெல்!" பள்ளிக்கூடம் போகாதவன் பாடத்துக்குப் பெயர் சூட்டினான், தோழர்களே!

அப்படியானால் குறை எங்கே? நாம் தந்த கல்வி வரப்போடு நின்றுவிட்டது. எப்படி விதைப்பது என்று சொன்னோம். எப்படி விற்பது என்று சொல்லவில்லை. உரத்தின் அளவைச் சொன்னோம். ஊதியத்தின் அளவைச் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 30 மூட்டை நெல் விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மூட்டைக்கு 2 கிலோ எடையில் குறைகிறது. "போனால் போகட்டும், இரண்டு கிலோதானே" என்கிறார் அவர். 30 மூட்டைக்கு 60 கிலோ! 2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை, சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த விலையில் 60 கிலோவின் மதிப்பு 1,500 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு தராசுத் தட்டில் தவறி விழுகிறது!

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. வீட்டில் அளந்து பாராமல் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, "ஈரம் அதிகம்" என்ற சொல் கேட்டு இடிந்து போய், வந்த விலைக்கு வணிகரிடம் தள்ளிவிட்டு வருவோர் எத்தனை பேர்! அளக்கும் கருவி ஒன்று ஊரில் இருந்தால், மேலும் ஒரு நாள் வெயிலில் உலர்த்தி உரிய விலை பெறலாமே!

இன்னும் ஒன்று கேட்கிறேன். ஏக்கருக்கு என்ன செலவு என்று கேட்டால் விதை, உரம், டிராக்டர், ஆள்கூலி என்று அடுக்குகிறார் உழவர். "உம் கூலி எங்கே? நாற்று நட்டு, களையெடுத்து, கதிரடித்த உம் மனைவியின் கூலி எங்கே?" என்றால் சிரிக்கிறார். சிரிக்கும் செய்தியா அது? எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் பணியாற்றிய தேசிய உழவர் ஆணையம், சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை தரவேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. எந்தச் செலவுக்கு மேல் 50? குடும்பத்தின் உழைப்பு சேருமா? நிலத்தின் வாடகை சேருமா? இன்றளவும் வழக்கு அங்கேதான். செலவைக் குறித்து வைக்காதவன் அந்த வழக்கில் எப்படி வாதாடுவான்? கணக்கு நோட்டுதான் உழவனின் வக்கீல்!

டென்மார்க் என்ற சிறு நாட்டைப் பாருங்கள். 1864இல் போரில் தோற்று நிலப்பரப்பை இழந்தது. அடுத்து, கடல் கடந்து வந்த மலிவுத் தானியம் அதன் உழவரை வீழ்த்த வந்தது. அழுதுகொண்டு நிற்கவில்லை அம்மக்கள். 1844 முதலே அங்கே மக்கள் உயர்பள்ளிகள் இருந்தன. தேர்வு வைக்காமல் உழவர் வீட்டு இளைஞருக்குச் சிந்திக்கக் கற்றுத் தந்த பள்ளிகள் அவை. அங்கு கற்றவர்கள் தானியத்திலிருந்து பாலுக்கும் வெண்ணெய்க்கும் மாறினர். 1882இல் முதல் கூட்டுறவுப் பால்நிலையம் எழுந்தது. எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது அவர்கள் வகுத்த நெறி. இங்கிலாந்தின் காலைச் சாப்பாட்டில் டென்மார்க் வெண்ணெய் இடம் பிடித்தது. முதலில் வந்தது பள்ளி; அதன் பின்னே வந்தது பணம்!

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவனே தராசு பிடித்தான். 10 உழவர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கதவைத் திறந்தது. திரூரிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது; கைபிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? நீங்கள்தான்! பட்டம் வேண்டுமோ என்று தயங்காதீர்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான் உங்கள்முன் நிற்கிறேன். ஊர்தோறும் நமக்குப் படிப்பகம் இருக்கிறது. நாளேடு விரிந்து கிடக்கும் அந்த மேசைக்கு அருகே ஒரு கரும்பலகை மாட்டுங்கள். அன்றாடம் கோயம்பேட்டுக் காய்கறி விலையையும் செங்குன்றத்து நெல் விலையையும் அதில் எழுதுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி, திரைப்பாட்டு கேட்பதற்கு மட்டுந்தானா? ஊர்ப்பொதுவில் ஒரு தராசும் ஈரப்பதம் காட்டும் கருவியும் வாங்கி வையுங்கள். வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டுத் தாருங்கள். தாய்மார் கையில் தாருங்கள், ஒரு காசும் தப்பாது! திங்களுக்கு ஒருமுறை உழவரைத் திரூருக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்துப் பேர் விளைச்சலை ஒரே வண்டியில் ஏற்றி, பத்துப் பேராகச் சேர்ந்து விலை பேசுங்கள். தனியே போகிறவன் கெஞ்சுவான். சேர்ந்து போகிறவன் பேசுவான்!

ஆலைக்குப் பகைவர் அல்லர் நாம். உழவன் மகன் ஆலைக்குப் போகட்டும், விரும்பிப் போகட்டும்! வயல் சோறு போடாது என்று விரட்டப்பட்டு, ஒப்பந்தக் கூலியாய் வாயிற்படியில் நிற்கலாகாது. கணக்குத் தெரியாததால் நட்டம், நட்டத்தால் கடன், கடனால் நில விற்பனை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை உடைக்கச் சம்மட்டி வேண்டாம், ஒரு சுண்ணக்கட்டி போதும்!

நாளைக் காலை அந்தச் சுண்ணக்கட்டியை எடுங்கள். கரும்பலகையில் முதல் விலையை எழுதுங்கள். விதைத்தவன் அதைப் படிக்கட்டும். படித்தவன் விலை சொல்லட்டும்!