கடைசிக் கட்டத்தில் ஒரு முகம்



பத்துப் பக்கம்கூட வராத ஒரு காமிக்ஸ் கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ‘ஜட்ஜ்மென்ட் டே’. 1953-இல் நியூயார்க்கின் ஈ.சி. காமிக்ஸ் வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ.

எந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு கோள். ஆரஞ்சு நிறத்தாருக்கு எல்லா வசதியும் உண்டு. நீல நிறத்தாருக்கு ஊருக்கு ஒதுக்குப்புறம், பேருந்தில் பின்னிருக்கை. உள்ளே இருப்பதெல்லாம் ஒரே கருவிகள். மேலுறையின் நிறம்தான் வேறு. பூமியிலிருந்து வந்த விண்வெளி வீரர் எல்லாவற்றையும் பார்க்கிறார். எங்கள் குடியரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர்!

மறு ஆண்டே காமிக்ஸ் மீது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகளை அது கெடுக்கிறது என்று புத்தகம் எழுதியவர் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்கு மனநல சிகிச்சை நிலையம் நடத்திய நல்ல மனிதர். ஈ.சி. உரிமையாளர் வில்லியம் கெயின்ஸும் வெட்டுண்ட தலையை அட்டையில் போட்டவர்தான். பெற்றோர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் பயம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால், எந்தப் பக்கத்தை வெட்டுகிறோம் என்று அதற்குத் தெரிவதில்லை.

பதிப்பாளர்களே ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் முத்திரை இல்லாத இதழைக் கடைகளுக்குக் கொண்டுபோக விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். 1955-இன் இறுதியில் கெயின்ஸ் இந்தக் கதையை மறுபடி அச்சிட அந்த அமைப்பின் ஒப்புதலுக்கு அனுப்பினார். தணிக்கைத் தலைவராக இருந்த முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த வீரர் கறுப்பினத்தவராக இருக்கக்கூடாது என்றார். கதையின் உயிரே அந்த முகம்தானே! கெயின்ஸ் வளைந்து கொடுக்கவில்லை. பத்திரிகையாளர்களைக் கூட்டி ஊருக்கே சொல்வேன் என்றார். கதை ஒரு கோடும் மாறாமல் வந்தது.

அதே குளிர்காலத்தில் அமெரிக்கத் தென்பகுதி நகரமான மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள், பேருந்து இருக்கையில் காட்டிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து, பேருந்தைப் புறக்கணித்து வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கதை மறுபடி வந்த இதழ்தான் ஈ.சி.யின் கடைசிக் காமிக்ஸ் இதழ். பத்து சென்ட் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள். வியர்வை துளிர்த்த முகத்தோடு அந்த மனிதர் அங்கே இருந்தார்.