சூரைக்குத் தூண்டில் வாங்கும் முன்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மேடையில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசுவேன். இன்று தூண்டிலைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. நம்முடைய வட்டியில்லாக் கடனுக்கு வரும் மனுக்களில், "சூரை பிடிக்க ராடும் ரீலும் வாங்க வேண்டும்" என்ற மனு இப்போது அடிக்கடி வருகிறது. நல்ல விஷயம்தான். உழைத்துச் சம்பாதிக்க நினைக்கிற பிள்ளைகளைத் தட்டிவிடக் கூடாது.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு தம்பியின் மனுவில் கையெழுத்துப் போட்டேன். என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. கடன் பணத்தில் பெரும்பகுதியைப் பளபளப்பான கார்பன் ராடு ஒன்றுக்கே கொடுத்துவிட்டான். மிச்சத்தில் ஒரு சாதாரண ரீல், பெயர் தெரியாத நரம்பு. மூன்றாவது முறை கடலுக்குப் போனபோது நல்ல கேரை ஒன்று இரையைக் கவ்வியது. ரீல் சரியாக நரம்பை விடவில்லை. பதற்றத்தில் நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்தான். விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. நரம்பும் அறுந்தது, மீனும் போயிற்று. இரண்டு மாதம் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. தவணையை அவனுடைய உம்மா வளையலை விற்றுக் கட்டினார். கேட்க வேண்டியதைக் கேட்காத குறை என்னுடையது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கடையில் முதலில் கண்ணில் படுவது ராடு. ஆனால் அதைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் மீன், அடுத்து நரம்பு, அதற்கடுத்து ரீல், கடைசியில் ராடு. இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும்.

முதலில் மீன். சூரை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கரையை ஒட்டி வரும் சாதாரணச் சூரையும் வரிச்சூரையும் பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து ஐந்தாறு கிலோவரை இருக்கும். மஞ்சள் துடுப்புள்ள கேரையோ நூறு கிலோவைத் தாண்டியும் வளரும். இரண்டுக்கும் ஒரே தூண்டில் ஆகாது. நம் பிள்ளைகள் கரையோரம் போகும் வள்ளத்தில்தான் போகிறார்கள். அப்படியானால் சின்னச் சூரைக்கு ஏற்ற தூண்டிலை முதலில் வாங்குங்கள். என்றாவது வரக்கூடிய பெரிய கேரையை நினைத்து இன்று கடன்பட வேண்டாம்.

அடுத்தது நரம்பு. இதில் இரண்டு வகை. நாம் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை நைலான் நரம்பு ஒன்று. பல இழைகளைப் பின்னிய பிரெய்டு இன்னொன்று. தங்கூசி விலை குறைவு, இழுபட்டு நீளும், உராய்வையும் தாங்கும். பிரெய்டு நீளாது. அதே பலத்துக்கு மிக மெல்லியதாக இருப்பதால் ரீலில் அதிக நீளம் கொள்ளும். சூரை கவ்வியதும் நிற்காமல் ஓடுகிற மீன். கண் இமைக்கும் நேரத்தில் நூறு மீட்டரை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நீளம் வேண்டும். செலவைக் குறைக்க ஒரு வழி: ரீலின் அடியில் தங்கூசியைச் சுற்றி, அதன் மேல் 200 அல்லது 300 மீட்டர் பிரெய்டைச் சுற்றுங்கள். அடியில் தங்கூசி இருந்தால் பிரெய்டு வழுக்கிச் சுழலவும் செய்யாது. நுனியில் இரையை ஒட்டி ஒன்றரை, இரண்டு மீட்டருக்குச் சற்றுத் தடித்த தங்கூசியைக் கட்டுங்கள்.

சின்னச் சூரைக்கு 30 பவுண்டு பிரெய்டு போதும். 30 பவுண்டு என்பது ஏறக்குறைய 13.5 கிலோ. டப்பாவில் எழுதியிருக்கிற பலத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒரு முழம் நரம்பை எடுத்து மீன் எடைபோடும் கொக்கித் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். முடிச்சைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் சூட்டில் பலம் குறையும். பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான்.

மூன்றாவது ரீல். இதில்தான் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டும். ரீலில் டிராக் என்று ஒன்று உண்டு. மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கிற பிரேக் அது. நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை டிராக்கை வைக்க வேண்டும். 13.5 கிலோ நரம்புக்கு மூன்றரை முதல் நாலரை கிலோ. இதையும் அந்தக் கொக்கித் தராசால் அளந்துவிடலாம். கடையிலேயே நரம்பை இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வந்தால் வாங்காதீர்கள். வழவழவென்று ஒரே சீராக வரவேண்டும். சின்னச் சூரைக்கு 5000 முதல் 8000 வரை எண் போட்ட ரீல் போதுமானது. ஆனால் அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே எத்தனை மீட்டர் நரம்பு கொள்ளும் என்று ரீலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய ரீலாக இருந்தாலும் கைப்பிடி ஆட்டமில்லாமல், உள்ளே உப்புப் பூக்காமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கடைசியில் ராடு. கார்பன் ராடு எடை குறைவு, ஆனால் வள்ளத்தின் விளிம்பில் ஒருமுறை மோதினாலே உள்ளுக்குள் விரிசல் விடலாம். கண்ணாடி இழை ராடு சற்றுக் கனம். விலை குறைவு, அடி தாங்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே நல்லது. வள்ளத்தில் ஆறு, ஏழு அடி போதும். எவ்வளவு பலமுள்ள நரம்புக்கு ஏற்றது என்று ராடிலேயே எழுதியிருக்கும். அது உங்கள் நரம்போடு பொருந்த வேண்டும். நரம்பு போகும் வளையங்களுக்குள் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது; அது பிரெய்டை அறுத்துவிடும். மீன் மாட்டியபின் ராடை நேர் செங்குத்தாகத் தூக்காதீர்கள். முறிவது அப்போதுதான்.

விலை உயர்ந்த ராடுதான் மீனைக் கொண்டுவரும் என்று நினைக்கிறவர்கள் மினிக்காய்த் தீவையும் மாலத்தீவையும் எண்ணிப் பாருங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சூரை பிடித்த தூண்டிலில் ரீலே கிடையாது. நீண்ட கழி, அதில் கட்டிய நரம்பு, எதிர்முள் இல்லாத தூண்டில் முள். உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போடுவார்கள். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கிற மாசி அப்படிப் பிடித்த சூரைதான். கருவியைவிடக் கடலை அறிந்த கைதான் அங்கே மீனைக் கொண்டுவந்தது.

இன்னும் இரண்டு செலவுகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று ஐஸ். சூரையின் உடல் சூடு அதிகம். பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அதில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. உண்பவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். அப்படிப்பட்ட மீனை விற்பது நமக்குத் தகாது. மற்றொன்று கையுறை. பிரெய்டை எக்காரணம் கொண்டும் வெறுங்கையில் சுற்றாதீர்கள். கரைக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பல ஆண்டு உழைக்கும்.

தாய்மார்களே, மகன் தூண்டில் வாங்கப் பணம் கேட்டால் நகையை எடுக்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மீனுக்கு? நரம்பு எத்தனை கிலோ தாங்கும்? டிராக்கை இழுத்துப் பார்த்தாயா? ஐஸுக்கும் கையுறைக்கும் காசு வைத்திருக்கிறாயா? பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தயங்காமல் உதவுங்கள். தெரியாவிட்டால், வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அனுபவமுள்ள காக்காமாரோடு நாலு நாள் கடலுக்குப் போய்வரட்டும்.

இனி நம் கடன் மனுவிலும் இந்த நாலு கேள்விகள் இருக்கும், இன்ஷா அல்லாஹ். விரல் வெட்டுப்பட்ட அந்தத் தம்பி இப்போது குணமாகி, பழைய ரீல் ஒன்றைச் சீர்செய்து, கண்ணாடி இழை ராடோடு கடலுக்குப் போகிறான். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தர அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.