பன்னிரண்டு வோல்ட்டில் ஆறு வோல்ட் வானொலி



பாகான் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது என் அக்காள் வீடு. அத்தான் இருந்தபோது வாங்கிய வானொலிப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. நான்கு பெரிய பேட்டரிக் கட்டைகள் போட்டால், அதாவது 6 வோல்ட் கொடுத்தால், பாடும். கட்டை வாங்கியே காசு கரைகிறது என்று அக்காள் குறைப்பட்டுக் கொண்டார். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாமே என்று, அக்காள் மகனுக்கு மின்னழுத்த மாற்றி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சில ரிங்கிட்தான் விலை. தீப்பெட்டியில் பாதி அளவு. பையன் அன்றிரவே இணைத்தான். பெட்டி ஒரு முறை உறுமியது, புகைந்தது, அடங்கிப் போனது.

குற்றம் பையனுடையதல்ல. பொருளைக் கொடுத்த நான், அதை வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், மாற்றி எப்படி வேலை செய்கிறது? புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் போவது உங்களுக்குத் தெரியும். 1906இல் கட்டி முடித்த பாசனம் அது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. வயலுக்கு அவ்வளவும் வேண்டாம். மடையைச் சற்று நேரம் திறக்கிறோம், சற்று நேரம் மூடுகிறோம். வயலில் நீர்மட்டம் அளவாக நிற்கிறது. மாற்றியும் இதைத்தான் செய்கிறது. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் எல்எம் 2596 வகை, வினாடிக்கு 150,000 தடவை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அதிலுள்ள கம்பிச் சுருளும் மின்தேக்கியும் வயலைப் போல அதைத் தாங்கிச் சமப்படுத்துகின்றன.

மடை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பலகையிலுள்ள ஒரு சிறு பித்தளைத் திருகு. புது மாற்றியில் இந்தத் திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பல நேரங்களில் உள்ளே வரும் 12 வோல்ட் ஏறக்குறைய அப்படியே வெளியே போகும்படி இருக்கும். எங்கள் பெட்டி எரிந்தது இதனால்தான்.

ஆகவே, வானொலியை இணைக்காமல் மாற்றியை மட்டும் பேட்டரியில் இணையுங்கள். வெளிவரும் முனைகளில் மீட்டரை வையுங்கள். திருகை இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். பத்துச் சுற்றுக்கு மேல் திருப்பியும் முள் அசையாமல் இருக்கலாம். கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பல சுற்றுகளுக்குப் பிறகே அளவு இறங்கத் தொடங்கும். 6 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். திருகு அசையாமல் இருக்க ஒரு சொட்டு நகச்சாயம் போதும்.

இரண்டாவது, முனைகள். உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் இரண்டும் பலகையில் குறித்திருக்கும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறினால் சில்லு அந்தக் கணமே போய்விடும். வானொலியின் பின்பக்கத் துளைக்கு அருகிலுள்ள படத்தையும் பாருங்கள். சில பெட்டிகளில் நடு ஊசி கூட்டல். சிலவற்றில் அதுவே கழித்தல்.

மூன்றாவது, பியூஸ். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள் பேட்டரி சிறியதுதான். ஆனாலும் அதன் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று தொட்டால், வயர் சிவக்கச் சுடும் அளவுக்கு மின்சாரத்தைக் கொட்டும். பலகைச் சுவரும் திரைச்சீலையும் நெருங்கி நிற்கும் லயத்து வீட்டில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது. எனவே பேட்டரியின் கூட்டல் முனையை ஒட்டியே 1 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். மாற்றியின் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை.

நான்காவது, சூடு. பலகையில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் கேட்காதீர்கள். துணி சுற்றாமல், மூடிய டப்பாவில் அடைக்காமல், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். வானொலியில் இரைச்சல் வந்தால் மாற்றியை ஒரு முழம் தள்ளி வைத்து, வயர்களை முறுக்கி விடுங்கள்.

இன்னொன்று. மாற்றி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதைத்தான் மாற்றித் தருகிறது. வானொலி குடிப்பது கொஞ்சம். கைத்தொலைபேசியோ, 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுத்தால், பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர் போகும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வண்டி கிளம்பாது. அந்த நாள் சம்பளத்தை நினைத்தால், கட்டை வாங்குவதே மலிவு.

சுவரிலுள்ள வீட்டு மின்சாரத்தில் இந்த மாற்றியை ஒருநாளும் இணைக்காதீர்கள். இது தாங்குவது 40 வோல்ட் வரைதான். அதில் இணைத்தால் பொருளோடு உயிருக்கும் ஆபத்து.

அக்காளுக்கு இப்போது வேறொரு பெட்டி இருக்கிறது. இந்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மீட்டரைப் பார்த்துத் திருகைத் திருப்பியவன் பையன்தான். முதலில் அளந்தான், பிறகுதான் இணைத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வரிசையிலேயே செய்யட்டும்.