எதிரியும் அவன் சட்டத்தரணியும்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், அக்கரைப்பற்றைக் கடந்து தெற்கே சென்றால் வருவது தம்பிலுவில். மேற்கே வயல், கிழக்கே கடல், ஊரின் நடுவே கண்ணகையம்மன் கோவில். அடுத்த ஊர் திருக்கோவில். இந்தத் தெருவில் ஓர் இரவில் நிகழக்கூடியதொன்றைக் கேட்போர் தம் மனக்கண்முன் கொண்டுவரலாம்.

கலியாண வீட்டிலிருந்து ஒரு சாரதி வண்டியில் திரும்புகிறான். அளவுக்கு மேல் குடித்திருக்கிறான். எதிரே வந்த சைக்கிளை வண்டி உரசிவிடுகிறது. சைக்கிளில் வந்தவர் நியாயம் கேட்கிறார். வார்த்தை தடிக்கிறது, சாரதியின் கை நீளுகிறது, மற்றவரின் வாயிலிருந்து இரத்தம் வடிகிறது. விடியும்போது ஒருவர் ஆசுப்பத்திரியில். மற்றவன் பொலிஸ் நிலையத்தில். வெளியே அவன் மனைவி கைக்குழந்தையுடன் நிற்கிறாள்.

அவளைச் சுற்றி ஆலோசனை கூறுவோர் கூடிவிடுகின்றனர். “குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டச் சொல்லு, பிள்ளை, ஒரே நாளில் முடிந்துவிடும்” என்கிறார் பெரியப்பா. “கொழும்பிலிருந்து பெரிய ஆளைக் கொண்டுவந்தால்தான் சரி” என்கிறான் மச்சான். “ஒருவரைத் தெரியும், அவரைக் கண்டால் எல்லாம் வெட்டிவிடலாம்” என்று காதோடு காதாகச் சொல்கிறான் மூன்றாமவன். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆயினும் மூன்று யோசனைகளையும் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலில் ஒத்துக்கொள்ளும் யோசனை. ஓர் இரவில் நடந்தது ஒன்றே போலத் தோன்றினும், சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு குற்றங்கள். குடிபோதையில் வாகனம் செலுத்தியது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் பாற்படும். அடித்துக் காயப்படுத்தியது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் பாற்படும். ஒன்றை ஒத்துக்கொண்டவன் மற்றதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்னும் நியதி இல்லை.

வாகனக் குற்றத்தில் சான்று பெரும்பாலும் கருவியிடமும் வைத்தியரிடமும் உள்ளது. மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு உடன்பட மறுத்தால், அவன் குடித்திருந்தான் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அடித்த குற்றத்திலோ, காயத்தின் தன்மையே வழக்கின் உயிர்நிலை. உதடு கிழிந்திருந்தால் அது சாதாரண காயம். 314 ஆம் பிரிவின்படி அதற்கு உயர்ந்த சிறைத்தண்டனை ஓராண்டு. ஒரு பல் முறிந்திருந்தாலோ அது கடுங்காயமாகும். 316 ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனை செல்லலாம். ஒரு பல்லின் அளவே ஓராண்டுக்கும் ஏழாண்டுக்கும் இடையிலுள்ள தூரம்! சட்ட வைத்திய அறிக்கையைப் படித்துப் பாராமல் ‘ஒத்துக்கொள்’ என்று கூறுவது, பத்திரத்தை வாசியாமல் கையொப்பம் வைப்பதற்கு ஒப்பாகும்.

“வெறியில் செய்தான், அறியாமற் செய்தான்” என்று சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும் என நம்புவோரும் உளர். அந்நம்பிக்கை வீண். தானே விரும்பிக் குடித்தவனைத் தெளிந்த அறிவுடையவனாகவே வைத்து நோக்குமாறு அச்சட்டக்கோவையின் 79 ஆம் பிரிவு விதிக்கிறது.

ஒத்துக்கொண்டதன் பின்விளைவும் தண்டப் பணத்தோடு முடிவதன்று. சாரதிப் பத்திரம் பறிபோகலாம். அது அவனுடைய சோறு. நாளை மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்ல எண்ணினால், பொலிஸ் நற்சான்று கேட்கும்போது பழைய தீர்ப்பு முன்வந்து நிற்கும். ஆதலால், குற்றத்தை ஒத்துக்கொள்வதாயினும் எதை ஒத்துக்கொள்கிறோம் என்று அறிந்தே ஒத்துக்கொள்ள வேண்டும். அதனை அறிவிப்பதே சட்டத்தரணியின் முதற் கடமை.

அடுத்தது கொழும்புப் பெரியவரைக் கொண்டுவரும் யோசனை. ஒரு காலத்தில் இந்நாட்டில் புறக்டர் என்றும் அத்துவக்காத்து என்றும் இருவகையினர் இருந்தனர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தினால் அப்பிரிவினை ஒழிந்தது. இருசாராரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். எனினும் ‘ஊரவர் சிறியவர், நகரத்தவர் பெரியவர்’ என்ற எண்ணம் மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

உள்ளூர்ச் சட்டத்தரணியின் மதிப்பு யாது என்பதை விளக்க, கடல்கடந்த ஒரு வழக்கு உதவும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பனாமா சிற்றி என்னும் சிறு பட்டினத்தில், 1961 இல், கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை ஒருவர், ஒரு விளையாட்டு மண்டபத்தை உடைத்துப் புகுந்து திருடினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். தமக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்குமாறு அவர் கேட்டார், நீதிபதி மறுத்தார். தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். 1963 மார்ச்சில், கடுங்குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அளித்தல் வேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்த்தது.

வழக்கு மீண்டும் அதே பட்டினத்தில் விசாரணைக்கு வந்தபோது, மயாமி நகரத்திலிருந்து உதவ வந்த வழக்கறிஞர்களைக் கிடியன் விரும்பவில்லை. உள்ளூரவரான பிரெட் ரேணரையே அவர் வேண்டினார். ரேணர் ஊரை அறிந்தவர். முக்கிய சாட்சியையும் அறிந்தவர். கிடியன் அன்று காலை வாடகை வண்டியில் ஏறியபோது, தம்மை ஏற்றியதை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று சாரதியிடம் கூறியிருந்தார். திருடனின் பேச்சுப் போல இது ஒலித்தது. முன்னரும் அவ்வாறு கூறியதுண்டோ என்று ரேணர் சாரதியை வினவினார். உண்டு என்றும், மனைவியோடுள்ள பிணக்கினால் அவர் அப்படிச் சொல்வது வழக்கம் என்றும் சாரதி விடையளித்தார். அந்த ஒரு விடையில் சந்தேகத்தின் கூர் மழுங்கியது. முன்பு தாமே வாதாடித் தோற்ற கிடியன் இம்முறை குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டார்.

தம்பிலுவில் வழக்கிலும் இதுவே பொருந்தும். தெருவின் வளைவு எங்கே, விளக்கு எங்கே எரிகிறது, சாட்சி நின்ற இடத்திலிருந்து எது தெரியும் என்பவற்றை நேரிற் சென்று பார்க்கக்கூடியவர் பக்கத்தில் இருப்பவரே. அக்கரைப்பற்றில் நீதவான் நீதிமன்றம் உண்டு. கல்முனையில் மேல் நீதிமன்றம் உண்டு. இப்பகுதி நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி பேசும் ஊர்வழக்கை அதன் குறிப்போடு விளங்கிக் கேள்வி தொடுப்பவருக்கு அது பெரும் பலம். தவணைதோறும் தவறாமல் வந்து நிற்பவர், ஒருமுறை வந்து முழங்கிச் செல்பவரிலும் மேலானவர்.

மூன்றாம் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘வெட்டிவிடலாம்’ என்பவன் கைநீட்டுவது சட்டத்துக்கன்று, பணத்துக்கு. அவ்வழியிற் சென்றவன் இரண்டு குற்றத்தோடு வந்து மூன்று குற்றத்தோடு திரும்புவான். ‘விடுதலை நிச்சயம்’ என்று வாக்களிக்கும் சட்டத்தரணியிடமும் எச்சரிக்கை வேண்டும். தீர்ப்பு நீதவானுடையது, அதனை முன்கூட்டி விற்க எவராலும் இயலாது.

அவ்வாறாயின் எவரைத் தேடுவது? குற்றவியல் வழக்குகளில் அந்த நீதிமன்றத்தில் நாள்தோறும் தோன்றுபவரை. கேள்விகளை நிறையக் கேட்பவரை. கட்டணம் முழு வழக்குக்கா, ஒவ்வொரு தவணைக்கா என்பதை முதலிலேயே தெளிவாகக் கூறிப் பற்றுச்சீட்டுத் தருபவரை. கசப்பான உண்மையையும் மறையாது சொல்பவரை. பணவசதி அற்றவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடி, உதவி பெறத் தகுதியுண்டா எனக் கேட்கலாம்.

காலமும் கருதத்தக்கது. கைதானவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணிக்கு மேல் பொலிசார் தடுத்து வைத்தல் பொதுவாகக் கூடாது. பொலிஸ் நிலையத்திலேயே கட்சிக்காரனுக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 இல் விதிகள் ஆக்கப்பட்டுள்ளன. ஆகவே விடிந்தவுடன் தேடவேண்டியவர் அவரே. அவரிடம் எதையும் ஒளிக்கலாகாது. எத்தனை போத்தல் என்பதையும், முதலில் கை ஓங்கியது யார் என்பதையும் உள்ளவாறே கூறவேண்டும். நடந்து முடிந்ததைப்பற்றிக் கட்சிக்காரன் கூறும் இரகசியத்தை அவர் வெளியிடாதவாறு சான்றுக் கட்டளைச் சட்டம் காத்து நிற்கிறது.

குடித்துவிட்டு அடித்தவனுக்கு இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆசுப்பத்திரியிற் கிடப்பவருக்கும் ஒரு குடும்பம் உண்டு. ஆனால் நல்ல சட்டத்தரணி அவரை மறப்பதில்லை. சாதாரண காயம், பாதிக்கப்பட்டவர் மனமொப்பினால் சமாதானமாகத் தீர்க்கக்கூடிய குற்றம். 1988 இல் உருவான மத்தியஸ்த சபைகளின் முன்னும் அத்தகைய பிணக்குகள் செல்கின்றன. அங்கே மன்னிப்பும் மருத்துவச் செலவும் வாயளவில் நில்லாது கையளவில் வழங்கப்பட வேண்டும். குடிபோதையில் வண்டி செலுத்தியதோ ஊருக்கே இழைத்த தீங்கு. அதை இருவர் பேசி முடிக்க இயலாது. அதற்குரிய தண்டனையை அவன் ஏற்கத்தான் வேண்டும்.

செய்ததற்குத் தண்டனை பெறட்டும், செய்யாததற்குப் பெறலாகாது. இவ்வளவே நீதி கேட்பது. குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்று அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுவதும், சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்ல எதிரிக்கு உரிமை தருவதும் இதற்காகவே.

பொலிஸ் நிலைய வாசலில் நிற்கும் அந்தப் பெண் அக்கரைப்பற்றுக்குச் செல்லும் முதல் பஸ்ஸில் ஏறட்டும். தன் கணவன் குற்றமற்றவன் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாற் போதும். மற்றதைச் சட்டம் அறிந்தவர் பார்த்துக்கொள்வார். அவன் வீடு திரும்பியபின் போத்தலைத் தொடாதிருக்கச் செய்வது மட்டும் எந்தச் சட்டத்தரணியாலும் இயலாத காரியம். அந்த வழக்கை அவனே வாதாடி வெல்ல வேண்டும்.