வேலையிடம் விட்டு ஓடுமுன்
(தெங்கேராவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோட்டத் தோழர்களே! ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் தோட்டத்தை விட்டோடினால் சிறை புகுந்தனர். அம்முறையில் ஆள்சேர்ப்பது 1910-இல் நின்றது. இன்று நம்முடன் பால்மரம் வெட்டும் அயல்நாட்டுத் தோழருக்கு வேலையை விடுவது மட்டும் சிறைக் குற்றமன்று. ஆயினும் அவருடைய வேலை அனுமதி ஒரே முதலாளியைச் சார்ந்தது. ஓடிவிட்டாரென முதலாளி அறிவித்தால் அது இரத்தாகலாம். அதன்பின் இங்கே தங்குவது 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம்: அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சம்பள பாக்கி கேட்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்!

ஆகவே ஓடுமுன், அனுமதி செல்லுபடியாகும்போதே, தொழிலாளர் இலாகாவில் முறையிடச் சொல்லுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவருக்கும் உரியதே. கடப்பிதழைப் பிடித்து வைத்திருக்கிறார்களா? உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்போருக்கும் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தில் அதே 5 ஆண்டு வரை சிறையுண்டு. இதைத் துரைமார் எடுத்துச் சொல்வது அரிது. முறையிடப் போகையில் சம்பளச் சீட்டுகளையும் அனுமதியின் நகலையும் மறவாது எடுத்துச் செல்லட்டும்.