குழந்தைக்கு ஒரு கடிகாரம்



காலத்தை அளந்து ஊருக்கு உரைக்கும் தொழில் சென்னைக்குப் புதியதன்று. 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர் நாட்டின் ரயில் பாதைகளுக்குப் பொதுவான நேரம் வேண்டும் என்ற நிலை வந்தபோது, சென்னை நேரமே அதற்கு அடிப்படையாயிற்று. 1906-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்போதைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. பழைய சென்னை நேரம் அதற்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது.

இவ்வாறு நாட்டுக்கே நேரம் சொன்ன நகரத்தில், தொழிலாளிக்கு ஆலைச் சங்கு நேரம் சொல்லிற்று. வழிப்போக்கனுக்கு மணிக்கூண்டு சொல்லிற்று. ஆனால் இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு சிறு வீட்டில், நள்ளிரவு கடந்த வேளையில் கண் விழிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு நேரம் சொல்வது யார்? இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள் இதுவே.

வடசென்னையின் இரவு தனித்தன்மை உடையது. காசிமேட்டில் மீனவர்கள் விடியுமுன்னரே கடலுக்குச் செல்லப் புறப்படுகின்றனர். 1940-களின் இறுதியிலிருந்து எண்ணூரில் மோட்டார்த் தொழில் வேரூன்றியது. 1955-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைந்தது. தொழில்கள் பெருகப் பெருக, முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்பவை வீட்டுப் பேச்சிலே கலந்துவிட்டன. துறைமுகத்தை நாடிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இரவிலும் சாலையில் ஊர்கின்றன.

இத்தகைய பகுதியில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக அமைந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்று மணிக்குத் தந்தை எழுகிறார், விளக்கு எரிகிறது, தாய் அடுப்பை மூட்டுகிறாள், குழந்தையும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. 'இன்னும் விடியவில்லை, படுத்துக்கொள்' என்றால் கேட்பதில்லை. அதனைப் பிடிவாதம் என்கிறோம். சற்று நிதானித்து நோக்கினால், குழந்தை சரியாகவே சிந்தித்திருக்கிறது என்பது விளங்கும். வெளிச்சம் இருக்கிறது, பெரியவர்கள் எழுந்துவிட்டனர், அடுப்பு எரிகிறது. விடிந்ததற்கு இவற்றினும் வேறு சான்று அதற்கு என்ன தெரியும்? முள்ளையும் எண்ணையும் கொண்டு மணி அறியும் ஆற்றல் ஏறத்தாழ ஆறு, ஏழு வயதில்தான் வாய்க்கிறது. அதுவரை சுவரில் தொங்கும் கடிகாரம் குழந்தைக்கு வெறும் படமே.

இக்குறையைப் போக்கவே மேலைநாடுகளில் உறக்கப் பயிற்சிக் கடிகாரம் என்ற ஒன்றை அமைத்தனர். அதில் எண்களுக்குப் பதிலாக நிறமோ படமோ பேசும். உறங்கும் வேளையில் செந்நிற ஒளியோ விண்மீன் படமோ தெரியும். எழும் வேளை வந்ததும் பச்சை ஒளியோ கதிரவன் படமோ தோன்றும். விண்மீனைக் கண்டால் படுத்திருக்க வேண்டும். கதிரவனைக் கண்டால் எழுந்து வரலாம். பாடம் இவ்வளவே.

அந்நாடுகளுக்கு இதன் தேவை மிகுதி. இலண்டனில் ஜூன் மாதத்தில் கதிரவன் காலை 5 மணிக்கு முன்பே எழுந்து, இரவு 9 மணிக்குப் பின்பே மறைகிறான். அங்கே குழந்தையை ஏமாற்றுவது வானம். சென்னையிலோ கதிரவனின் எழுச்சி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையே அடங்கிவிடுகிறது. நம் வானம் குழந்தையிடம் பொய் சொல்வதில்லை. இங்கே ஏமாற்றுபவை நம் வீட்டு விளக்குகளே.

இதன் காரணத்தை உடலியல் விளக்குகிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, குண்டூசித் தலையளவான இரண்டு நரம்புத் தொகுதிகள் உள்ளன. உடலின் தலைமைக் கடிகாரம் அவையே. அக்கடிகாரம் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. அதனை நாள்தோறும் திருத்தி வைப்பது ஒளி. இருள் சூழும்போது மெலடோனின் என்னும் சுரப்பு பெருகி, உடலை உறக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது. ஒளி பட்டால் அச்சுரப்பு அடங்கிவிடுகிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிறு குழந்தைகளின் கண்கள் ஒளிக்கு மிகவும் இளகியவை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை உறங்குமுன் ஒரு மணி நேரம் மிகுந்த ஒளியில் இருக்கச் செய்தனர். அவர்களது மெலடோனின் பத்தில் ஒன்பது பங்குக்கு அண்மையாகக் குறைந்தது. விளக்கை அணைத்த பின்னரும் அது விரைவில் மீளவில்லை. இருளில் செந்நிற மங்கல் ஒளி செய்யும் தீங்கு குறைவு. நீலம் கலந்த வெள்ளொளி செய்யும் தீங்கு மிகுதி. உறக்கக் கடிகாரத்தின் இரவு நிறம் மங்கிய சிவப்பாக இருத்தல் நன்று என்பது இதனால் புலப்படும்.

குழந்தைக்கு ஒளி ஒன்றே கடிகாரமா? இவ்வினாவுக்கு நம் தமிழகத்திலேயே ஓர் அரிய ஆய்வு நிகழ்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிர்களின் உடற்கடிகாரம் பற்றி ஆராய்ந்து வந்தார். அவரும் விசுவநாதன் என்ற ஆய்வாளரும் வயல்வெளிச் சுண்டெலிகளை, பகலும் இரவும் வேறுபட்டுத் தோன்றாத இடத்தில் வைத்தனர். தாய் எலியை நாள்தோறும் குறித்த நேரம் குட்டிகளுடன் விட்டு, குறித்த நேரம் விலக்கி வைத்தனர். ஒளியின் துணை இல்லாத அந்நிலையில், குட்டிகளின் உடற்கடிகாரம் தாயின் வரவையும் பிரிவையும் ஒட்டி அமைந்தது. இம்முடிவு 1985-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியாயிற்று. குட்டிகளுக்குத் தாயே கடிகாரமாயினாள் என்பது இதன் பொருள்.

எலிக்குட்டிக்குக் கண்ட உண்மையை மனிதக் குழந்தைக்கு அப்படியே ஏற்றிவிடல் ஆகாது. மனிதருக்கு ஒளியின் ஆட்சி பெரிது. எனினும், தன்னைச் சூழ்ந்தவர்களின் ஒழுங்கைப் பார்த்தே குழந்தை பொழுதை அறிகிறது என்பதை எந்த வீட்டிலும் காணலாம். ஆகவே, விலை கொடுத்து வாங்கிய கடிகாரம் தானே குழந்தையை உறங்க வைத்துவிடும் என்று எண்ணுதல் வீண். அது ஓர் அடையாளத்தைக் காட்டும். அவ்வடையாளத்தை மெய்யாக்க வேண்டியவர்கள் வீட்டார். இன்று கதிரவன் படம் வந்ததும் கொஞ்சி அழைத்து, நாளை அப்படம் வந்த பின்னரும் 'சும்மா படு' என்று அதட்டினால், மூன்றாம் நாள் குழந்தை அதனை நம்பாது.

அதனைப் பயன்படுத்தும் முறையையும் அறிந்துகொள்வோம். மூன்று வயதை ஒட்டிய குழந்தைக்கே இவ்வடையாளம் நன்கு விளங்கும். முதலில் பகற்பொழுதில் விளையாட்டாக அதனைக் கற்பிக்க வேண்டும். குழந்தை வழக்கமாக ஐந்து மணிக்கு விழிக்குமாயின், தொடக்கத்தில் அந்த ஐந்து மணிக்கே கதிரவன் தோன்றுமாறு அமைக்க வேண்டும். குழந்தை முதல் நாளிலேயே வெற்றி பெறுதல் இன்றியமையாதது. பின்னர்ச் சில நாட்களுக்கு ஒரு முறை 10 அல்லது 15 நிமிடம் தள்ளி வைக்கலாம். எழுந்ததும் காலை வெயிலில் நிற்கச் செய்தால், உடற்கடிகாரமும் உடன் திருந்தும்.

இதற்கெனத் தனிக் கருவி வாங்கல் கட்டாயமன்று. மங்கிய சிவப்புப் பல்பு ஒன்றும், பிளக்கில் செருகும் டைமர் ஒன்றும் இருந்தால் போதும். சிவப்பு எரியும்வரை இரவு. அது அணைந்தால் காலை. தந்தை மூன்று மணிக்கு எழுந்தாலும் அறையின் பெரிய விளக்கைப் போடாமல் சமையற்கட்டு விளக்கோடு நிறுத்திக்கொண்டால், சிவப்புப் பல்பின் சொல் பொய்யாகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அஞ்சினாலும், நோயுற்றாலும், சிறுநீர் கழிக்க வேண்டினாலும், எந்த நிறம் எரிந்தாலும் தாயை அழைக்கலாம் என்று குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அழுகையை அடக்கும் பூட்டாக இவ்விளக்கைப் பயன்படுத்துவோர், குழந்தையின் நம்பிக்கையையே இழப்பர்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், உறங்கும் நேரமும் எழும் நேரமும் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வரையறுத்தது. மூன்று மணிக்கு விழித்து மீண்டும் உறங்காத குழந்தை, பகலில் சிணுங்குகிறது. பால்வாடியில் பாடல் கேட்கும் வேளையில் கண் சொருகுகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தைக்கோ, சிறிது கண்ணயர்ந்த தாய்க்கோ ஓய்வு கிடைப்பதில்லை. இழப்பு வீடு முழுமைக்கும் உரியது.

மாணவ நண்பர்களே! இச்செய்தியை உங்களிடம் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே அறையில் தம்பியோ தங்கையோ உறங்க, இரவு பதினொரு மணிவரை வெள்ளை விளக்கின் கீழ்ப் படிப்பவர் நீங்கள். படுக்கையில் கைப்பேசியின் திரையை ஒளிரவிடுபவரும் பல வேளைகளில் நீங்களே. படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. மேசை விளக்கை உங்கள் புத்தகத்தின்மீது மட்டும் விழுமாறு திருப்பி, குழந்தையின் பக்கம் ஓர் அட்டையை மறைப்பாக வைத்தால் போதும். கைப்பேசியை அணைத்தால் உங்கள் உறக்கமும் சீர்ப்படும்.

வானாய்வுக்கூடத்தின் கடிகாரத்தை மக்கள் நம்பியது, அது ஒரு நாளும் தவறாமல் நேரம் சொன்னதால். உங்கள் வீட்டுக் குழந்தை நம்பிப் பார்க்கும் கடிகாரம் நீங்களே. அக்கடிகாரமும் தவறாமல் நடக்கட்டும்.