உறுமுற நாயை அடிக்கலாமா?

சோத்துத் தட்டுப் பக்கம் போனா வீட்டு நாய் உறுமுதா? "யாரைப் பார்த்து உறுமுறே?"ன்னு ஒரு அடி போடுறோம். உறுமல் நின்னுடும், பயம் போகாது. அடுத்த தடவை சத்தமே இல்லாம கடிக்கும். தட்டைப் பிடுங்காதீங்க, தள்ளி நின்னே ஒரு கறித்துண்டைப் போட்டுட்டு நகருங்க. நாம வந்தா லாபம்தான்னு அதுக்கே மெல்லப் புரியும்.

உறுமுறதுக்கு முன்னாடியே நாய் சாடை காட்டும். உடம்பு விறைக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணால பார்க்கும். வால் ஆடுறதை மட்டும் நம்பாதீங்க; விறைப்பா உசத்தி ஆட்டுற வால் சிநேகமில்லை.

சாதுவான நாய் திடீர்னு சீறினா காதுப்புண், பல்வலி, மூட்டுவலி இருக்கான்னு கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. இந்தப் பயம் வராமலே தடுக்கணும்னா குட்டியிலேயே தொடங்கணும். பிறந்து 3லேருந்து 14 வாரம் வரை குட்டிக்குப் பழகுற பருவம். குழந்தைகள், குடை, ஸ்கூட்டர் சத்தம் எல்லாத்தையும் அப்பவே பதமா அறிமுகப்படுத்தணும். நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிப்போடுறது நம்ம வழக்கம். எனக்குப் பிடிக்காத வழக்கம். முரட்டுத்தனம் அதுல வளரும்.

மீறிக் கடிச்சுட்டா, தடுப்பூசி போட்ட நாய்தானேன்னு இருக்காதீங்க. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.